ஊரில் தவறாத வழி சென்னையில் ஏன் தவறுகிறது?

நீங்கள் கேட்டதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துவிடலாம். அப்பாவுக்கு 68 வயது. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒன்றரை வருஷம் முன்பு மன்னார்குடி வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னைக்கு உங்களோடு இருக்க வந்துவிட்டார். தினமும் பால் வாங்கப் போகிறார், கோயிலுக்குப் போகிறார், ஒழுங்காகத் திரும்பி வருகிறார். போன மாதம் மெட்ரோ வேலைக்காகத் தெருவை அடைத்திருந்தார்கள். பக்கத்துத் தெரு வழியாக வரப் பார்த்தவர் முக்கால் மணி நேரம் சுற்றியிருக்கிறார். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோதோ ஒரு சந்துகூடத் தவறவில்லை. பேர், முகம், வட்டிக் கணக்கு எல்லாம் சரி. ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘வயதுக்கேற்ற சுருக்கம்’ என்று போட்டிருக்கிறார்கள். ‘இது வயசா, அல்சைமரா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: மறதி என்றால் எல்லா இடத்திலும்தானே மறக்க வேண்டும், ஊரில் மட்டும் எப்படி வழி தெரிகிறது? இந்த இரண்டாவது கேள்விக்கு ஓரளவு உறுதியாகப் பதில் சொல்லலாம். முதல் கேள்விக்கு நேரில் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் இரண்டாவது புரிந்தால், முதலாவதை டாக்டரிடம் எப்படிக் கேட்பது என்பது தெரிந்துவிடும்.

நான் நரம்பியல் மருத்துவர். பதினெட்டு வருஷமாக மறதிநோய்க்காரர்களைப் பார்த்து வருகிறேன். ‘வழி தெரியவில்லை’ என்று வீட்டார் சொன்னதும் நான் கேட்கும் முதல் கேள்வி, ‘எந்த மாதிரி தெரியவில்லை?’ என்பதுதான். வழி கண்டுபிடிப்பது ஒரே வேலை மாதிரித் தெரியும். மூளைக்குள் அது நாலைந்து வேலை, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு இடம்.

முதலில் பழக்க வழி. டீக்கடை வந்ததும் இடது, பிள்ளையார் கோயில் தாண்டி வலது என்று கால் தானாகப் போகும் வழி. இதை மூளையின் ஆழத்தில் இருக்கும் காடேட் என்ற பகுதி பெருமளவு பார்த்துக்கொள்கிறது. சைக்கிள் ஓட்டுவது மாதிரியான பழக்கங்களோடு சேர்ந்த சரக்கு இது. அல்சைமரின் ஆரம்பத்தில் பெரும்பாலும் கெடாது. இரண்டாவது, மனதுக்குள் இருக்கும் வரைபடம். நான் எங்கே இருக்கிறேன், வீடு எந்தப் பக்கம், இந்தத் தெரு அடைத்திருந்தால் எதன் வழியாகப் போகலாம் என்று யோசிக்க வைப்பது. இதற்கு ஹிப்போகாம்பஸும், அதை ஒட்டியிருக்கும் என்டோரைனல் கார்டெக்ஸும் வேண்டும். இரண்டுமே காதுக்கு உட்பக்கம், மூளையின் அடியில் இருக்கின்றன. உங்கள் அப்பா பால் வாங்கிவரும் வழிக்கு முதலாவது போதும். தெருவை அடைத்த அன்று இரண்டாவது தேவைப்பட்டது. ஆகவே ‘தினமும் ஒழுங்காக வருகிறாரே’ என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வழி வேறு கணக்கில் நடக்கிறது.

இந்த வரைபடம் கற்பனை இல்லை. 1971இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஜான் ஓகீஃபும் ஜொனாதன் டோஸ்ட்ரோவ்ஸ்கியும் எலியின் ஹிப்போகாம்பஸில் மெல்லிய கம்பிகளை வைத்துப் பார்த்தார்கள். எலி ஒரு குறிப்பிட்ட மூலைக்கு வரும்போது மட்டும் ஒரு நரம்பணு துடித்தது. வேறு மூலைக்கு வேறு அணு. அவற்றுக்குப் பிளேஸ் செல் என்று பேர். 2005இல் நார்வேயின் ட்ரான்ட்ஹைமில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் குழுவினர் என்டோரைனல் பகுதியில் இன்னொரு வகையைக் கண்டுபிடித்தார்கள். இந்த அணு ஒரு இடத்தில் மட்டும் துடிக்கவில்லை. எலி ஓடிய தரையில் அது துடித்த இடங்களையெல்லாம் புள்ளி வைத்துப் பார்த்தால் கோலப்புள்ளி மாதிரி வந்தது. நேர்ப்புள்ளி அல்ல, இடைப்புள்ளி: மூன்று மூன்று புள்ளிகளாக முக்கோணம் சேரும் வரிசை. அதுதான் கிரிட் செல். யாரும் கோலம் போடாத தரையில் மூளையே புள்ளி வைத்துக்கொண்டு, எவ்வளவு தூரம் வந்தோம் என்று அளக்கிறது. ஓகீஃபுக்கும் மோசர்கள் இருவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. தலை எந்தத் திசையைப் பார்க்கிறது என்று சொல்லும் அணுக்களும், சுவர் பக்கத்தில் வந்ததும் துடிக்கும் அணுக்களும் இதே கூட்டத்தில் உண்டு.

இந்தப் புள்ளிக் கணக்கு எதற்குப் பயன்படுகிறது என்று தெரிய எலி வேண்டாம், ராத்திரி கரண்ட் போனால் போதும். கட்டிலிலிருந்து எழுந்து கும்மிருட்டில் நாலு அடி வைத்து, திரும்பி, இன்னும் ஆறு அடி வைத்துச் சமையலறை அலமாரியில் இருக்கும் தீப்பெட்டியை எடுத்துவிடுகிறீர்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. எத்தனை அடி வைத்தோம், எவ்வளவு திரும்பினோம் என்பதை உடம்பே கணக்கு வைத்துக்கொள்கிறது. நான் இதைக் காலடிக் கணக்கு என்று சொல்வேன். இதில் கிரிட் செல்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பதுதான் இப்போதைய பரவலான கருத்து.

சரி, அல்சைமருக்கு வருவோம். பிராங்க்பர்ட்டில் ஹைக்கோ பிராக், ஏவா பிராக் தம்பதியர் இறந்தவர்களின் 83 மூளைகளை ஆராய்ந்து 1991இல் ஒரு வரிசையைச் சொன்னார்கள். (1901இல் அலோய்ஸ் அல்சைமர் தன் முதல் நோயாளியைப் பார்த்ததும் அதே ஊரில்தான்.) டாவ் என்ற புரதம் நரம்பணுவுக்குள் சிக்குப்பிடித்த நூல் மாதிரி முறுக்கிக்கொள்கிறது. மூளைப் புறணியில் இந்தச் சிக்கு முதலில் தெரிவது என்டோரைனல் பகுதியின் ஓரத்தில். அங்கிருந்து ஹிப்போகாம்பஸ், பிறகுதான் மற்ற இடங்கள்.  1996இல் பாஸ்டனிலிருந்து வந்த ஆய்வு இன்னும் கறாரானது. நோய் மிக லேசாக வெளியே தெரியும் கட்டத்திலேயே, என்டோரைனலின் இரண்டாம் அடுக்கில் பாதிக்கு மேல், சுமார் 60 சதவீத நரம்பணுக்கள் போய்விட்டிருந்தன. ஹிப்போகாம்பஸுக்குச் செய்தி கொண்டுபோகும் பெரிய நரம்புக் கம்பி கிளம்புவது அந்த அடுக்கிலிருந்துதான். கம்பி அறுந்தால் ஹிப்போகாம்பஸ் நன்றாக இருந்தாலும் புது விஷயம் உள்ளே போகாது.

இதுவரை சொன்னது உறுதியானது. ‘டாவ் தொடங்கும் இடமும் கிரிட் செல் இருக்கும் இடமும் ஒன்று, ஆகவே வழிதான் முதலில் போகும்’ என்று நேராகக் கோடு போட்டுவிடலாமா? பத்திரிகைகளில் அப்படித்தான் எழுதுகிறார்கள். நான் கொஞ்சம் நிதானிப்பேன். என்டோரைனல் ஒரே துண்டு அல்ல. டாவ் முதலில் பிடிப்பது முன்-வெளிப் பக்கம். அங்கே பொருள்களைப் பற்றிய செய்திதான் அதிகம்: என்ன பார்த்தோம், எதன் பக்கத்தில் எது இருந்தது. கிரிட் செல் சமாச்சாரம் பின்-உள் பக்கத்தோடு சேர்ந்தது. இரண்டும் அடுத்தடுத்த வீடுதான், ஒரே வீடு இல்லை. எலியில் அளந்ததை மனிதருக்கு அப்படியே மாற்றுவதிலும் சிக்கல் உண்டு. மனிதர் மூளைக்குள் கம்பி வைத்து நேரடியாகப் பதிவு செய்தது வலிப்பு நோய்க்காக அறுவை சிகிச்சைக்கு வந்த சிலரிடம் மட்டும். மற்ற மனித ஆய்வுகளில் ஸ்கேனில் தெரியும் ‘கிரிட் மாதிரியான’ ஒரு சாயலைத்தான் பார்க்கிறார்கள்.

அந்தச் சாயல் சொல்வதும் சுவாரசியமாகத்தான் இருக்கிறது. 2015இல் ஜெர்மனியில், அல்சைமர் வாய்ப்பைக் கூட்டும் ஏபிஓஈ 4 என்ற மரபணு வகை உள்ள இளைஞர்களைக் கணினியில் ஒரு வெட்டவெளியில் நடக்கவிட்டார்கள். எல்லாருமே முப்பது வயதைத் தாண்டாதவர்கள். கிரிட் சாயல் அவர்களுக்கு மங்கலாக இருந்தது. வெளியின் நடுவில் போகாமல் ஓரமாகவே நடந்தார்கள். ஆனால் வேலையைச் செய்து முடிப்பதில் மற்றவர்களுக்குச் சளைக்கவில்லை. 2019இல் இங்கிலாந்தில், சீ ஹீரோ குவெஸ்ட் என்ற கைபேசி விளையாட்டை வைத்துச் செய்த ஆய்விலும் அதே மரபணு உள்ள நடுவயதுக்காரர்கள் சுற்றுவழியாகவும் ஓரமாகவும் போனார்கள். வழக்கமான ஞாபகப் பரீட்சையில் குறையே இல்லை. அதே வருஷம் கேம்பிரிட்ஜில் டென்னிஸ் சானின் குழு, லேசான மறதி உள்ளவர்களின் தலையில் வி.ஆர். கருவியை மாட்டி, ‘ட’ எழுத்து மாதிரி ஒரு வளைவு நடக்கவைத்துக் கிளம்பிய இடத்துக்குத் திரும்பச் சொன்னது. தண்டுவட நீரில் அல்சைமர் அடையாளம் இருந்தவர்கள் அதிகம் தவறினார்கள். அடையாளம் இல்லாதவர்கள் அவ்வளவு தவறவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு அப்பாவை மொட்டை மாடியில் கண்ணைக் கட்டி நடக்கவிட்டுப் பார்க்காதீர்கள். ஒருவர் செய்துவிட்டு எனக்கு வீடியோ அனுப்பினார், அதனால் சொல்கிறேன். இந்த ஆய்வுகள் குழுவின் சராசரியைப் பேசுகின்றன. கேம்பிரிட்ஜ் ஆய்வில் தண்டுவட நீர்ப் பரிசோதனை முடிவு கையில் இருந்தவர்கள் முப்பதுக்கும் குறைவு. காலடிக் கணக்கு வயதானாலே குறையும், நோய் வேண்டியதில்லை. மரபணுப் பரிசோதனைக்கும் ஓட வேண்டாம். ஏபிஓஈ 4 இருந்தும் நோய் வராதவர்கள் உண்டு, இல்லாமலே வந்தவர்களும் உண்டு.

மூன்றாவது ஒரு இடமும் இருக்கிறது, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. மூளையின் பின்பக்கம், இரு பாதிகளும் முகம் பார்த்துக்கொள்ளும் உள்சுவரில் இருக்கும் ரெட்ரோஸ்பிளீனியல் பகுதி. வரைபடத்தில் வீடு வடக்கே இருக்கிறது என்பது தெரிந்தால் மட்டும் போதாது. நான் இப்போது கிழக்கே பார்த்து நிற்கிறேன், ஆகவே இடது பக்கம் திரும்ப வேண்டும் என்று மாற்றிச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த மொழிபெயர்ப்பாளர் இங்கே உட்கார்ந்திருக்கிறார். இந்தச் சுற்றுவட்டாரத்தில் சர்க்கரை எரிவது குறைவதை அல்சைமரின் ஆரம்பத்திலேயே பெட் ஸ்கேனில் பார்க்கலாம். இந்தப் பகுதி கெட்டுப்போனவர்களுக்குக் கோபுரம் தெரியும், எந்தக் கோயில் என்று பேரும் சொல்வார்கள், அதிலிருந்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது மட்டும் வராது.

ஒருவரைச் சொல்கிறேன், ஆள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். தான் முப்பது வருஷம் தபால் கொடுத்த தெருக்களை வரிசையாக ஒப்பித்தார், எந்த வீட்டில் நாய் என்பது உட்பட. ஞாபகப் பரீட்சையில் முப்பதுக்கு இருபத்தெட்டு. மனைவிதான் விடாமல் ‘எங்கேயோ சரியில்லைங்க’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரைக் கழிவறைக்குப் போய்வரச் சொன்னேன். என் அறையிலிருந்து வெளியே வந்து இரண்டு திருப்பம், அவ்வளவுதான். போகும்போது பலகை இருந்தது, போய்விட்டார். வரும்போது கதவுப் பிடியை விடாமல் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு துளித் தயக்கமும் இல்லாமல் எதிர்ப்பக்கமாகத் திரும்பி நடந்தார். பின்னால் நின்ற மனைவி முழங்கையை லேசாகத் தொட்டார். ஒரு வார்த்தை இல்லை, அவரும் பேசாமல் திரும்பிவிட்டார். இந்தத் தொடல் எத்தனை நாளாக என்று கேட்டேன். இரண்டு வருஷமாம். அதுவரை யாரும் இதை அறிகுறி என்று எண்ணவில்லை, அந்த அம்மாவும் உட்பட.

அவருக்கு இருபத்தெட்டு மதிப்பெண் எப்படி வந்தது என்றால், அந்தப் பரீட்சை வழியைச் சோதிப்பதே இல்லை. ‘இது எந்த ஊர், எத்தனையாவது மாடி?’ என்று கேட்கும். இடத்தின் பேர் தெரிவதும் இடத்துக்கு வழி தெரிவதும் ஒன்றா? படித்தவர்கள், கணக்கில் புழங்கியவர்கள் அதில் எளிதாகத் தேறிவிடுவார்கள். உங்கள் அப்பா வங்கிக்காரர். நல்ல மதிப்பெண் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

இப்போது மன்னார்குடி. பல வருஷம் புழங்கிய ஊரின் வரைபடம், புதிதாக எழுதும் வரைபடம் மாதிரி ஹிப்போகாம்பஸை முழுதாகச் சார்ந்திருப்பதில்லை என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். எவ்வளவு சார்ந்திருக்கிறது என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. லண்டனில் ஒரு டாக்ஸி ஓட்டுநர், வேறொரு நோயால் (அல்சைமர் அல்ல) இரண்டு பக்க ஹிப்போகாம்பஸும் கெட்டுப்போனவர். எலினர் மக்வயர் குழு 2006இல் அவரைக் கணினி லண்டனில் வண்டி ஓட்டவைத்தது. பெரிய சாலைகளில் தடுமாறாமல் போனார். சின்னத் தெருக்களை நம்ப வேண்டி வந்ததும் தொலைந்துபோனார். பழைய வரைபடத்தின் எலும்புக்கூடு நிற்கும், நுணுக்கம் போய்விடும் என்பது என் வாசிப்பு. ஆகவே ஊரில் சந்து தவறவில்லை என்பது நல்ல செய்தி, பழைய பதிவு பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம். புதுப் பதிவு விழுகிறதா என்பதற்கு அது சாட்சி ஆகாது.

டாக்ஸி என்றதும் யாராவது கேட்பார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2024 டிசம்பரில் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், டாக்ஸி ஓட்டுநர்களும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களும் அல்சைமரால் இறப்பது மற்றத் தொழிலாளர்களைவிடக் குறைவாக இருந்தது. வண்டி ஓட்டினால் நோய் வராது என்று அதற்கு அர்த்தம் இல்லை. வழி வராதவர்கள் அந்தத் தொழிலில் நிலைப்பதே கஷ்டம் என்பதும் காரணமாக இருக்கலாம்.

உங்கள் அப்பா விஷயத்தில் நோய் இல்லாத விளக்கமும் இருக்கிறது, அதை லேசாக எண்ணக்கூடாது. ஊர்ப்பக்கம் வழி கேட்டால் ‘தெக்கால போயி மேக்கால திரும்புங்க’ என்பார்கள். நகரத்தில் வலது இடது. எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் 1990களில் தமிழ் பேசுவோரிடமே இதை ஆராய்ந்தார்: கிராமத்தார் திசையை வைத்தும், நகரத்தார் வலது இடதை வைத்தும் இடத்தைச் சொல்வது அதிகம். வாழ்நாள் முழுக்கத் திசை வைத்து நடந்த ஒருவர், சூரியன் தெரியாத அடுக்குமாடிகளுக்கு நடுவில், பாதி தெரு தோண்டிக் கிடக்கிற ஊரில், 66 வயதுக்கு மேல் புதிதாகக் கற்றுக்கொள்கிறார். ஒரு நாள் சுற்றியதில் பெரிய ஆச்சரியம் இல்லை. ஒரு தடவை என்பது ஒரு தடவைதான். திரும்பத் திரும்ப நடந்தால், முன்பு தெரிந்த வழிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தால், பொருளை மாற்றி வைப்பதும் சொன்னதையே கேட்பதும் கூடச் சேர்ந்தால் கணக்கு வேறு.

அல்சைமர் அல்லாத மற்றக் காரணங்களையும் முதலில் தள்ளிவைக்க வேண்டும். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, தூக்கக் கோளாறு, கண்புரை, க்ளாக்கோமா, தூக்க மாத்திரை, அடிக்கடி சிறுநீர் போவதற்குத் தரும் சில மாத்திரைகள், சர்க்கரைக்காரர்களுக்குச் சர்க்கரை இறங்குவது. பார்வைக் கணிப்பே முதலில் கெடும் நோய்களும் உண்டு, அவர்களுக்குப் படியின் உயரமே தப்பாகத் தெரியும். ஒரு விஷயம் கறாராக: நேற்றுவரை சரியாக இருந்தவருக்கு இன்று திடீரென்று வழி தெரியவில்லை என்றால், அது பக்கவாதமாகவோ தொற்றாகவோ இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஸ்கேனைப் பொறுத்தவரை, ‘வயதுக்கேற்ற சுருக்கம்’ என்ற ஒரு வரி எனக்கு எதையும் சொல்வதில்லை. படத்தையே எடுத்துப் போங்கள். நெற்றிக்கு இணையாக வெட்டிய படங்களில் ஹிப்போகாம்பஸ் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று 0 முதல் 4 வரை மதிப்பெண் போடும் முறை இருக்கிறது, அதைப் போட்டுத் தரச் சொல்லலாம். இரத்தத்தில் பி-டாவ் 217 (டாவ் புரதத்தின் ஒரு வகை) பார்க்கும் பரிசோதனை ஒன்றுக்கு அமெரிக்காவில் 2025 மே மாதம் அனுமதி கிடைத்தது. அதுவும் அறிகுறி உள்ள 55 வயதுக்கு மேற்பட்டவர்களை நிபுணர் பார்த்த பிறகு செய்வது, சந்தேகத்துக்கு எடுத்துப் பார்ப்பது இல்லை.

அதுவரை நடையை நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் அடைத்து வைத்தால் இருக்கிற வழியும் போகும். கைபேசியில் இருப்பிடத்தைப் பகிரும் வசதியைப் போட்டுவையுங்கள், சட்டைப்பையில் முகவரிச் சீட்டு இருக்கட்டும். வண்டி ஓட்டுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. ஓட்டினால் டாக்டரைப் பார்க்கும்வரை பழகாத தடத்தில் தனியாக வேண்டாம்.

டாக்டரிடம் போகும் முன் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்: எங்கே தடுமாறினார், பழகிய வழியா புதிதா, யாரிடமாவது கேட்டாரா, தடுமாறியது அவருக்கே தெரிந்ததா. வீட்டில் யாராவது அந்தத் தபால்காரர் மனைவி மாதிரி சத்தமில்லாமல் முழங்கையைத் தொட்டுக்கொண்டிருக்கிறீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள், அதையும் எழுதுங்கள். அப்புறம், ஒரு மாலை அப்பாவோடு காபி குடிக்கும்போது பேச்சுவாக்கில் கேளுங்கள்: தெரு அடைத்திருந்த அன்று சுற்றினீர்களே, அப்போது வீடு எந்தப் பக்கம் இருப்பதாக நினைத்தீர்கள்? அவர் என்ன சொல்கிறார், எந்தப் பக்கம் கை காட்டுகிறார் என்று கேட்டு இங்கே எழுதினால், மேற்கொண்டு பேசலாம்.